ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் சோற்றைப் பற்றிக் கேட்பது எப்படி? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் இருபத்தெட்டு வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சில தேர்தல்களாக எங்கள் ஊரில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, எந்தக் கட்சி வேட்பாளர் வந்தாலும் பசி, ரேஷன், கூலி பற்றி ஒரே கேள்விகளைக் கேட்டு வருகிறோம். பக்கத்து ஊர்க்காரர்களும் சொந்தக்காரர்களும் எங்களிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவரவர் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

ஏனுங்க டீச்சர், ரேஷன்ல அரிசி சும்மாவே தர்றாங்க. நம்ம பக்கம் பசியோட யாருங்க இருக்காங்க?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசிக்குக் காசு இல்லை. அது பெரிய காரியம். மத்திய அரசின் நிதி ஆயோக் கணக்குப்படி 2019-21-ல் தமிழ்நாட்டில் பல பரிமாண வறுமையில், அதாவது உடல்நலம், படிப்பு, வாழ்க்கை வசதி எல்லாம் சேர்த்துப் பார்க்கும் வறுமையில், இருந்தவர்கள் 2.2 சதவீதம்தான். ஆனால் அதே வருடங்களில் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பையும் பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட நம் மாநிலக் குழந்தைகளில் 25 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. சோறு கிடைக்கிறது, பருப்பும் காயும் முட்டையும் பாலும் எல்லா வீட்டுக்கும் கிடைப்பதில்லை.

கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். திங்கட்கிழமை மத்தியானம் மட்டும் எங்கள் மையத்தில் சோறு கூடுதலாக வேண்டியிருக்கும். சனி ஞாயிறு வீட்டில் அரைவயிறாக இருந்த பிள்ளைகள் இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை தட்டை நீட்டுவார்கள். தறி வேலை நின்ற வாரம் என்றால் எந்த வீட்டுப் பிள்ளை என்று எனக்குப் பேர் பேராகத் தெரியும். ஒரு பையன் சோற்றைத் தின்றுவிட்டு முட்டையை மட்டும் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். வீட்டில் பள்ளி வயது வராத தங்கச்சி இருந்தாள். முட்டைக்கு நாடு முழுக்கப் பேர் போன நாமக்கல் எங்களுக்கு அடுத்த மாவட்டம்தான்.

வேட்பாளருகிட்டப் போய் இதையெல்லாம் கேட்டா கேசு கீசு போட்டுருவாங்களா?

மாட்டார்கள். வாக்காளர் கேள்வி கேட்பது எந்தச் சட்டப்படியும் குற்றமில்லை. கூட்டத்தைக் கலைப்பது, வண்டியை மறிப்பது, கைகலப்பு, இவைதான் வம்பு. நாங்கள் நாலு பேராகப் போவோம், ஒருவர் மட்டும் பேசுவோம், பதிலை இன்னொருவர் நோட்டில் எழுதுவார். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் பிரச்சாரம் ஓய்ந்துவிடும் என்பதால் அதற்கு முன்பே கேட்டு முடித்துவிட வேண்டும்.

வண்டில நின்னு கும்புட்டுட்டே போயிடறாங்க. எங்க நிறுத்திக் கேக்கறது?

பிரச்சார வண்டியில் நிற்பவரிடம் கேட்டு ஒன்றும் ஆகாது. மைக் சத்தத்தில் அவருக்கே காது கேட்காது. வேட்பாளர் பேர் அறிவித்த முதல் வாரம்தான் நல்ல சமயம். ஊர் ஊராக ஒன்றியச் செயலாளர், கிளைச் செயலாளர் வீடுகளுக்கு வருவார், கோயிலுக்கு வருவார், நோம்பிக்கு வருவார். உள்ளூர்க் கட்சிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "அண்ணா, அவரு வரும்போது பத்து நிமிசம் எங்க தெருவுல உக்காரச் சொல்லுங்க." அவருக்கும் தன் தெருவில் நாற்பது பெண்கள் கூடியிருப்பது பெருமைதான்.

கேள்விகளை எழுதி ஒரு பிரதியைக் கையிலும் கொடுத்துவிடுங்கள். வாயால் கேட்டது வண்டி ஏறினதும் மறந்துபோகும்.

சரி, என்னதாங்க கேக்கறது? வறுமையை ஒழிப்பீங்களான்னா?

அப்படிக் கேட்டால் "கண்டிப்பா ஒழிப்போம்மா" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். முதல் தடவை நாங்கள் அப்படித்தான் கேட்டோம், அப்படித்தான் பதில் வந்தது. அப்புறம்தான் புரிந்தது: ஒரு கடை, ஒரு பள்ளிக்கூடம், ஒரு தேதி என்று பிடித்துக் கேட்டால்தான் அவரும் நின்று யோசிப்பார்.

இத்தனை தேர்தல்களில் எங்கள் நோட்டில் எழுதிய கேள்விகளில் சில. பகுதிநேர ரேஷன் கடை வாரத்தில் இரண்டு நாள்தான் திறக்கிறது, அந்த இரண்டு நாளும் கூலி வேலைக்குப் போகிறவர்கள் எப்போது வாங்குவது? வயதானவர்களுக்குக் கைரேகை மிஷினில் விழுவதில்லை, "நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்புவதை நிறுத்த என்ன செய்வீர்கள்? சிறப்புத் திட்டத்தில் 30 ரூபாய்க்குத் தரும் துவரம் பருப்பும் 25 ரூபாய்க்குத் தரும் பாமாயிலும் மாதக் கடைசியில்தான் வருகின்றன, முதல் வாரமே வருமா? அங்கன்வாடி வாடகைக் கட்டடத்தில் நடக்கிறது, எந்த வருடத்துக்குள் சொந்தக் கட்டடம்?

எனக்கு நெஞ்சில் நிற்கும் கேள்விகள் இரண்டு. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கானது. ஆறாம் வகுப்புக்குப் போன பிள்ளைக்கு ஜூன் மாதத்திலிருந்து காலையில் பசிக்காதா? இரண்டாவது, தேர்தல் பெரும்பாலும் ஏப்ரலில் வருகிறது. 2021-லும் 2024-லும் ஏப்ரல்தான். பள்ளிக்கூடம் மூடி சத்துணவு நிற்பதும் அதே மாதத்தோடுதான். வறட்சிப் பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2004-லேயே உத்தரவிட்டது. மே மாதம் எங்கள் பிள்ளைகளின் மத்தியானச் சோற்றுக்கு என்ன வழி என்று அந்த வெயிலில் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

எம்எல்ஏகிட்ட எதைக் கேக்கோணும், எம்பிகிட்ட எதைக் கேக்கோணும்? ஒருத்தரு இன்னொருத்தரைக் கைகாட்டி உட்டுடறாங்க.

ரேஷன் கடை, சத்துணவு, காலை உணவு, மாநில அரசின் ஓய்வூதியம், இதெல்லாம் சட்டமன்றத் தேர்தல் கேள்விகள். சட்டமன்ற உறுப்பினருக்கு வருடம் 3 கோடி ரூபாய் தொகுதி நிதி உண்டு. கடைக்கும் அங்கன்வாடிக்கும் கட்டடம் கேட்டால் "பணம் இல்லை" என்று சொல்ல முடியாது. நாடாளுமன்ற உறுப்பினருக்கு வருடம் 5 கோடி.

எம்.பி. வேட்பாளரிடம் கேட்க மூன்று கேள்விகள் வைத்திருக்கிறோம். ஒன்று, முதியோர் ஓய்வூதியம். மாநில அரசு 2023-ல் அதை ஆயிரத்திலிருந்து 1,200 ரூபாயாக்கியது. அதில் 60 முதல் 79 வயதுக்காரர்களுக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய்தான். 200 ரூபாய்க்கு இன்று என்ன வாங்கலாம் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். இரண்டு, 2013-ன் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மத்திய அரசு எத்தனை பேருக்கு அரிசி தருகிறது என்பதை 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்தார்கள். அதற்குப் பிறகு பிறந்தவர்களும் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனவர்களும் அந்தக் கணக்கில் எங்கே இருக்கிறார்கள்? மூன்றாவது, நூறு நாள் வேலை. 2005 சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் புதுச் சட்டம் நிறைவேற்றியது. அதில் 125 நாள் என்று இருக்கிறது, ஆனால் செலவில் 40 சதவீதம் மாநிலத்தின் தலையில். பணம் இழுபறியானால் கூலி யார் தருவார்கள் என்பதை இரண்டு தேர்தல் வேட்பாளர்களிடமும் கேட்க வேண்டும்.

நூறு நாள் வேலையாலதான் தோட்டத்துக்கு ஆளே கெடைக்கறதில்லைங்க. நீங்க அதையே எச்சாக் கேக்கச் சொல்றீங்களே?

இதைக் கேட்டது எங்கள் ஊரிலேயே மஞ்சளும் கரும்பும் வைத்திருக்கும் ஒரு பெரியவர். அவர் கஷ்டமும் நிஜம். விதைக்கும்போதும் வெட்டும்போதும் ஆள் இல்லாமல் அவர் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன். புதுச் சட்டத்தில் விதைப்பு, அறுவடைக் காலங்களில் வருடத்துக்கு 60 நாள் வரை இந்த வேலையை நிறுத்தி வைக்க இடம் வைத்திருப்பதும் இந்தக் குறையைக் கேட்டுத்தான்.

ஆனால் எங்கள் ஊரில் அந்த வேலைக்குப் போகிறவர்களைப் போய்ப் பாருங்கள். பாதிப் பேர் அறுபதைத் தாண்டிய பெண்கள். கரும்பு வெட்ட அவர்களை யாரும் கூப்பிட மாட்டார்கள். திடமான ஆள் பனியனுக்கும் மில்லுக்கும் போய் ரொம்ப நாளாயிற்று. அது போக, நூறு நாள் என்று பேர் இருந்தாலும் நூறு நாளும் வேலை கிடைத்த குடும்பம் குறைவு. அந்தப் பெரியவரிடம் நான் சொன்னது இதுதான்: மஞ்சள் விலை, தண்ணீர், கூலிச் செலவு என்று உங்கள் கேள்வியையும் எழுதிக் கொடுங்கள், அதே நோட்டில் சேர்த்து வாசிக்கிறோம். கொடுத்தார். வாசித்தோம்.

தறிக்காரங்களுக்கு, பனியன் கம்பெனிக்காரங்களுக்கு இதுல என்ன இருக்குதுங்க? கூலி வாங்கறவங்கதானே?

கூலி வருகிற வாரம் வரை சரி. நூல் விலை ஏறினாலோ ஆர்டர் நின்றாலோ பல்லடம், சோமனூர், குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் தறி ஓடாது. தறி ஓடாவிட்டால் அந்த வாரக் கூலி கிடையாது. முதலாளியிடம் வாங்கிய முன்பணக் கடன் மட்டும் அப்படியே நிற்கும். முன்பணத்தைக் கட்ட வட்டிக்கு வாங்கி, வட்டியைக் கட்டச் சோற்றில் குறைப்பார்கள். முதலில் பால் நிற்கும், அப்புறம் காய், அப்புறம் பருப்பு. பள்ளிபாளையம் பகுதியில் விசைத்தறித் தொழிலாளர்கள் கடனுக்காகக் கிட்னியை விற்ற செய்தி 2025-ல் வெளியே வந்தபோது நாடே அதிர்ந்தது. அந்த வீடுகளிலும் ரேஷன் அட்டை இருந்திருக்கும். வேட்பாளர் அந்தச் செய்தியைப் படிக்காமல் இருந்திருக்க மாட்டார்.

இங்கே கேட்க வேண்டியவை: ஒப்புக்கொண்ட கூலி உயர்வை நடைமுறைக்குக் கொண்டுவர என்ன செய்வீர்கள்? தறி நிற்கும் வாரங்களுக்கு ஏதாவது உதவித்தொகை உண்டா? மில் விடுதியில் தங்கியிருக்கும் பெண்களின் சாப்பாட்டை யார் வந்து பார்க்கிறார்கள், வருடத்துக்கு எத்தனை தடவை? அம்மா உணவகம் 2013-ல் சென்னையில் தொடங்கி நம் மாநகராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் வந்தது. ஒரு ரூபாய் இட்லி. தறி ஓடும் சின்ன ஊர்களில் அது மாதிரி ஒன்று ஏன் இல்லை?

திருப்பூர்ல பாதிப் பேரு வடநாட்டுப் பசங்க. அவங்களுக்கு இங்க ஓட்டே இல்லை. அவங்களுக்காக நாம ஏன் கேக்கோணும்?

ஓட்டு இல்லாததால்தான் எந்த வேட்பாளரும் அவர்கள் அறைப்பக்கம் போவதில்லை. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. அவர்கள் ஊர் அட்டையைக் காட்டி இங்கேயே அரிசி வாங்கலாம். கடைக்காரர் "ஸ்டாக் இல்லை" என்றால் எந்த மொழியில் சண்டை போடுவார்கள்? ஓட்டு இருக்கிற நாம் ஒரு வரி சேர்த்துக் கேட்டால் போதும்: வெளிமாநில அட்டைக்குத் தனியாக ஒதுக்கீடு கடைக்கு வருகிறதா? நம் பிள்ளைகளும் பெங்களூரிலும் துபாயிலும் இப்படித்தான் இருக்கிறார்கள்.

நாங்க தாளவாடி மலைங்க. கீழ கேக்கற கேள்வியெல்லாம் எங்களுக்குப் பொருந்துமா?

சிலது பொருந்தும், சிலது மாறும். மலையில் முதல் கேள்வி தூரம். கடைக்கும் ஊருக்கும் நடுவில் எத்தனை மைல், நடமாடும் கடை எத்தனை நாளுக்கு ஒரு தடவை வருகிறது, மழைக்காலத்தில் வருகிறதா? 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுபோய்க் கொடுக்க 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் வந்தது. அது மலைக் கிராமத்துக்கு வந்து சேர்ந்ததா என்று கேளுங்கள்.

அடுத்தது ராகி. மலையில் களிதான் உடம்புக்கு ஆகிற சாப்பாடு, விளைவதும் அங்கேதான். 2023-ல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுத்தார்கள். தாளவாடிக்கும் பர்கூருக்கும் கொல்லிமலைக்கும் எப்போது? கொல்லிமலை இருக்கும் சேந்தமங்கலம், பழங்குடியினருக்கு ஒதுக்கிய தொகுதி. மாநிலத்திலேயே அப்படி இரண்டுதான், மற்றது ஏற்காடு. அங்கே நிற்பவரிடம் இதைக் கேட்க உரிமை எச்சு.

இலவசம் கேக்கறது பிச்சை கேக்கற மாதிரி இல்லீங்களா? நம்ம சனம் உழைச்சுச் சாப்பிடற சனம்.

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குக் கோபம் வராது, வருத்தம் வரும். கொங்குச் சீமையில் ஒருத்தர் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஒறம்பரை வந்தால் கடன் வாங்கியாவது சோறு போடுவார்கள். அந்த மானம் பெரிதுதான். ஆனால் அதனாலேயே பசி வெளியே தெரியாமல் போகிறது. பெண்கள் கடைசியாகச் சாப்பிடுவதும், "எனக்குப் பசிக்கல கண்ணு" என்று பிள்ளைக்குத் தள்ளுவதும் யாருடைய கணக்கிலும் வராது.

சோறு தருமம் இல்லை, உரிமை. 2001-ல் உச்ச நீதிமன்றத்தில் தொடங்கிய உணவு உரிமை வழக்கில்தான் நாடு முழுக்கப் பள்ளியில் சமைத்த உணவு தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. நம் மாநிலத்தில் அதற்கு எத்தனையோ வருடம் முன்பே காமராசர் மதிய உணவைக் கொண்டுவந்தார், 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார். நாடே அமெரிக்கக் கோதுமைக் கப்பலுக்குக் காத்திருந்த காலத்தில் உணவு அமைச்சராக இருந்து பசுமைப் புரட்சிக்கு வழி திறந்த சி. சுப்பிரமணியம் நம் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். அவர் காலத்தில்தான் 1965-ல் இந்திய உணவுக் கழகம் வந்தது. விளைவித்த சனமே அந்தக் கிடங்கிலிருந்து அரிசி கேட்பதில் என்ன வெட்கம்?

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். கணக்கில்லாத வாக்குறுதியால் யாருக்கும் பிரயோசனம் இல்லை. 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு தேர்தல் ஆணையம் விதியே வைத்திருக்கிறது: தேர்தல் அறிக்கையில் சொல்வதற்குக் காரணமும், பணம் எங்கிருந்து வரும் என்பதும் சொல்லப்பட வேண்டும். ஆகவே ஒவ்வொரு வாக்குறுதிக்கும் பின்னால் "எந்தப் பணத்திலிருந்துங்க?" என்று கேளுங்கள்.

ஓட்டுக்குக் காசு வாங்கிட்டோமுன்னா கேள்வி கேக்கற யோக்கியதை இருக்குதுங்களா?

கொடுப்பதும் வாங்குவதும் இரண்டும் சட்டப்படி குற்றம், ஒரு வருடம் வரை சிறை. நாங்கள் வாங்குவதில்லை. ஆனால் ஒரு வாரமாக வேலையில்லாத வீட்டில் அந்தக் காசு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஆகவே வாங்கியவளைத் திட்டி அனுப்ப மாட்டேன். வாங்கியிருந்தாலும் கூட்டத்தில் வந்து உட்காருங்கள், கேளுங்கள். உங்கள் பிள்ளையின் சத்துணவுக்கு விலை பேசி முடிந்துவிட்டது என்று அவர்கள் நினைப்பதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

எந்தக் கட்சின்னு கேட்டு மொறைக்கறாங்களே?

எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே வரிசை. போன வேட்பாளர் சொன்ன பதிலையும் நோட்டில் காட்டுங்கள். முறைப்பது நின்றுவிடும்.

மொடக்குறிச்சியில அப்ப ஆயிரம் பேரு நின்னாங்களே, அந்த மாதிரி நாமளும் மனு போட்டா என்ன?

1996 சட்டமன்றத் தேர்தலில் விவசாயிகளின் குறையை யாரும் கேட்கவில்லை என்று மொடக்குறிச்சியில் 1,033 பேர் வேட்பாளராக நின்றார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அடிக்க வேண்டியதாயிற்று. நாடு முழுக்கப் பேசியது. ஆனால் அதற்கப்புறம் டெபாசிட் தொகையை ஏற்றிவிட்டார்கள். இப்போது சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000. பதிவான செல்லும் ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் பணம் திரும்பாது. அந்தப் பத்தாயிரம் ஒரு வீட்டின் பல மாத மளிகை. நான் வேண்டாம் என்பேன். அன்று ஆயிரம் பேர் ஒன்றுசேர்ந்த அந்த ஊக்கத்தை ஒரு தெருவுக்கு ஒரு நோட்டு என்று போட்டால் செலவு இருபது ரூபாய்தான்.

ஜெயிச்சுப் போனதுக்கப்புறம் மறந்துட்டா என்ன பண்றது?

மறப்பார்கள். அதற்காகத்தான் நோட்டு. ஜெயித்தவர் சொன்ன பதிலைத் தேதியோடு தாளில் எழுதி, முதல் மாதமே அவர் அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கிராம சபை வருடத்துக்கு ஆறு தடவை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே அதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். பத்து ரூபாய்க்குத் தகவல் உரிமை மனுப் போட்டு ரேஷன் கடையின் இருப்புக் கணக்கைக் கேட்கலாம். தோற்றவரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். ஜெயித்தவர் செய்யாததைப் பேச அவருக்கு ஆசையாக இருக்கும்.

எங்களுக்குக் கிடைத்தது இதுவரை இரண்டு: கடை திறக்கும் நாள் இரண்டிலிருந்து நாலானது, அங்கன்வாடிக்குக் கட்டடம் வந்தது. கட்டடத்துக்கு மூன்று வருடம் ஆனது.

எங்க ஊட்லயே கஷ்டமுங்க. வெளிய சொல்ல வெக்கமா இருக்குது. நான் எப்புடி நாலு பேரு முன்னால நின்னு கேக்கறது?

நீங்கள் நிற்க வேண்டியதில்லை, அம்மிணி. மேலே சொன்ன மானத்தை நானும் அனுபவித்தவள்தான். எனக்குக் கைப்பிள்ளை இருந்த காலத்தில் என் வீட்டுக்காரருக்கு வேலை போனபோது நானும் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ரேஷன் நின்றிருந்தால் முதலில் 1967-க்குப் போன் பண்ணிப் புகார் சொல்லுங்கள், அதற்கு யார் முன்னாலும் நிற்க வேண்டாம். அப்புறம் ஒரு துண்டுச் சீட்டு எடுத்து மூன்று விஷயம் மட்டும் எழுதுங்கள்: எது நின்றது, எந்த மாதத்திலிருந்து, வீட்டில் எத்தனை பேர். பேர் வேண்டாம், தெரு வேண்டாம். உங்கள் ஊரில் இப்படி நோட்டு வைத்திருப்பவரிடம் கொடுத்தால் போதும். எங்கள் ஊர் என்றால் சனிக்கிழமை பொழுதோட பிள்ளையார் கோயில் திண்ணையில் நான் இருப்பேன். வேட்பாளர் வரும்போது அதை வாசிப்பது என் வேலை.